பூட்டியாச்சுங்க

அந்த மோட்டாரை ஓட வைத்தது சரசக்கா அல்ல. நான்.

ஒரே ஒரு வரி. இதை எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். இவ்வளவு சின்ன வரியையா இத்தனை காலம் என்னால் சொல்ல முடியவில்லை!

தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஆறுச்சாமி என்ற விவசாயியின் வலக்கை, கம்ப்ரசர் பெல்ட்டில் சிக்கியது. கட்டை விரல் மட்டும் மிஞ்சியது. மோட்டாரைப் பூட்டுவதற்குப் பதிலாகப் போனில் தவறான எண்ணை அழுத்தி ஓட விட்டவர் அவருடைய மனைவி சரஸ்வதிதான் என்று எல்லாரும் முடிவு கட்டினார்கள். சரசக்காவும் அதை நம்பினார். இன்றும் நம்புகிறார்.

நம்ப வைத்தவன் நான்.

நீங்கள் என்னைப் பார்த்திருக்கலாம். காந்திபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே, தகரக் கூரை போட்ட அறையில், ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு எடுக்கிறேன். ஆபரேட்டிங் சிஸ்டம் என்கிறார்களே, அந்த இயங்குதளத்தை நம் கையாலேயே எழுதிப் பழகுகிற வகுப்பு. கல்லூரிப் பிள்ளைகள் வருகிறார்கள், கம்பெனியில் வேலை பார்ப்பவர்களும் வருகிறார்கள். என்னை 'சார்' என்கிறார்கள்.

அந்த வகுப்பில் ஒரு கதை சொல்வேன். பூட்டிய பிறகும் தானாக ஓடிய ஒரு மோட்டாரின் கதை. நடித்துக் காட்டிச் சொல்வேன். சிரிப்பார்கள். பிறகு கரும்பலகைப் பக்கம் திரும்பி அதற்கான காரணத்தை வரைவேன். புரிந்த முகங்களைப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும்... அதற்காகவே அந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன்.

போன ஞாயிறு, பின் வரிசையில் இருந்த ஒரு பெண் கேட்டாள். “சார், அந்த மோட்டார் ஓடினப்ப பக்கத்துல யாராச்சும் இருந்தாங்களா?”

“இல்லம்மா. யாரும் இல்ல.”

எவ்வளவு சுலபமாக வந்தது! நாக்கு கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. அந்தச் சுலபம்தான் என்னை இங்கே உட்கார வைத்திருக்கிறது.

*

நான் படித்தவன் இல்லை. பாலிடெக்னிக்கில் சேர்ந்தேன், முடிக்கவில்லை. தேறாமல் நின்றுபோன பாடங்களில் ஒன்று எது தெரியுமா? இயங்குதளம். அதைத்தான் இன்று மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன்!

அதன் பிறகு பல வேலைகள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டினேன். சிங்காநல்லூர்ப் பக்கம் லேத்துப் பட்டறை. ஊட்டியில் ஒரு லாட்ஜில் போர்வை துவைத்தேன், கை விறைத்துப்போகும். பாலக்காட்டுக்குக் கோழி வண்டியில் போய்வந்தேன். பஸ் நிலையத்தில் படுத்ததும் உண்டு. இதையெல்லாம் பெருமைக்கோ இரக்கத்துக்கோ சொல்லவில்லை. ஓரிடத்தில் இருக்க முடியாத உடம்பு எனக்கு. வேலை பிடிபடத் தொடங்கியதும் கால் அரிக்கும், கிளம்பிவிடுவேன்.

பிறகு துடியலூரில் ஒரு சின்ன இடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு வீட்டின் பின்புறம் ஷெட். அங்கே விவசாய மோட்டார்களுக்குப் பெட்டி செய்தார்கள். போனிலிருந்தே மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் ஒரு பெட்டி. எங்கள் பக்கத்தில் அது இல்லாத தோட்டம் இன்று குறைவு. முதலாளி பெயர் ஜெகந்நாதன். பம்பு செய்யும் குடும்பத்தில் பிறந்து, அண்ணன் தம்பிகளிடமிருந்து பிரிந்து வந்து தனியாகத் தொடங்கியவர். பெட்டிகளைச் சோதிக்க நித்யா என்று ஒரு பெண் இருந்தாள். பொறியியல் படித்தவள். என்னை 'புரொபசர்' என்று கேலி செய்வாள். ஏனென்றால், சாலிடரிங் வைக்கச் சேர்ந்த நான் அங்கே கிடந்த பழைய போர்டுகளை வைத்துக்கொண்டு ஓயாமல் புரோகிராம் எழுதிப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அங்கேதான் எனக்கு இயங்குதளம் புரிந்தது.

புத்தகத்தில் புரியாதது, உடைத்துப் பார்த்தபோது புரிந்தது. ஒரு போர்டு, அதில் ஒரே ஒரு ப்ராசஸர். இரண்டு விளக்குகளை இரண்டு வேகத்தில் மினுக்க வைக்க வேண்டும், ஒன்று மற்றொன்றுக்காகக் காத்திருக்கக் கூடாது. ஒரே ஆள் எப்படி இரண்டு வேலையைச் செய்வான்? ஒன்றைப் பாதியில் நிறுத்தி, எங்கே நிறுத்தினோம் என்பதைப் பத்திரமாக எடுத்து வைத்து, அடுத்ததை எடுக்க வேண்டும். திரும்பி வரும்போது விட்ட இடத்திலிருந்தே தொடர வேண்டும். எடுத்து வைப்பதில் இம்மியளவு பிசகினாலும் எல்லாம் குழம்பிவிடும்.

எனக்கும் குழம்பியது. பல முறை குழம்பியது. ஒரு வேலைக்கு ஒதுக்கிய நினைவிடம் நிரம்பி வழிந்து பக்கத்து வேலையின் இடத்தை அழித்தது. போர்டு செத்துப் போனது. ஏன் செத்தது என்று தேடித் தேடி ஒவ்வொன்றாகக் கற்றேன். ஒருநாள் இரண்டு விளக்குகளும் தத்தம் போக்கில் மினுங்கின... நான் அழுதேன். சிரிக்காதீர்கள். என் வாழ்க்கையில் முதன்முறையாக ஒன்றைத் தொடங்கி முடித்திருந்தேன்.

அதை முதலாளியிடம் காட்டினேன். பெட்டிக்குள் இதையே போடலாம் என்றேன்.

அவர் யோசித்தார். “ஏந்தம்பி, இதுக்குன்னு ரெடிமேடா ஒண்ணு சும்மாவே கெடைக்குதுன்னு நித்யா சொல்றா. ஊரே பயன்படுத்தறது. அதையே போட்டுக்கலாமில்ல?”

“அது நம்ம பெட்டிக்குப் பெருசுங்ணா. இது நான் எழுதுனது. ஒவ்வொரு வரியும் எனக்குத் தெரியும்.”

ஒவ்வொரு வரியும் எனக்குத் தெரியும்! அன்று சொன்ன இந்த வாக்கியம்தான் பிற்பாடு என் கழுத்தைப் பிடித்தது. அவர் ஒப்புக்கொண்டார். என்னை நம்பினார்.

பெட்டிக்கு ஒரு குரலும் தேவைப்பட்டது. முதலில் வைத்திருந்த பெண் குரல் பேங்கிலிருந்து பேசுவதுபோல இருக்கிறது என்று விவசாயிகள் போனைத் துண்டித்தார்கள். “நீயே பேசுப்பா, நம்மூருப் பேச்சா இருக்கட்டும்” என்றார் முதலாளி. ஷெட்டின் கதவைச் சாத்திக்கொண்டு நித்யாவின் போனில் பேசிப் பதிந்தோம்.

‘வணக்கமுங்க. மோட்டார் ஓட ஒண்ணு. நிறுத்த ரெண்டு. பூட்ட மூணு அமுக்குங்க.’

‘மோட்டார் பூட்டியாச்சுங்க.’

“உன்ர கொரலக் கேட்டா மோட்டார் என்ன, படுத்த மாடே எந்திரிச்சு நடந்துரும்” என்று நித்யா சிரித்தாள்.

*

இப்போது தவற்றைச் சொல்கிறேன். புரியும்படிச் சொல்ல முயல்கிறேன். வகுப்பில் எத்தனையோ முறை சொன்னதுதான்.

தோட்டங்களில் விளக்கு எரிகிற கரண்ட் எந்நேரமும் இருக்கும். மோட்டார் ஓடத் தேவையான மும்முனை மின்சாரம் முறை வைத்துத்தான் வரும். அது வந்ததும் பெட்டி தானாகவே மோட்டாரை ஓட்டிவிடும். ஆனால் உடனே ஓட்டாது. வந்த கரண்ட் நிலைப்படச் சற்றுக் காத்திருந்து, பிறகு ஓட்டும்.

என் இயங்குதளத்தில் அதற்கு ஒரு வேலை. போனில் வரும் கட்டளையைக் கேட்பதற்கு இன்னொரு வேலை. முதல் வேலை, கரண்ட் வந்ததும், மோட்டார் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்கும். பூட்டவில்லை என்றால் காத்திருக்கத் தொடங்கும். காத்திருந்து முடிந்ததும் ஓட்டும்.

அந்தக் காத்திருப்பின் நடுவே ஒருவர் போனில் பூட்டினால்? இரண்டாம் வேலை பூட்டும். ‘பூட்டியாச்சுங்க’ என்று என் குரலில் சொல்லும். முதல் வேலைக்கு அது தெரியாது. அது ஏற்கெனவே பார்த்தாயிற்று! இன்னொரு முறை பார்க்கச் சொல்லி நான் எழுதவில்லை. நேரம் வந்ததும் ஓட்டிவிடும்.

பார்ப்பதற்கும் செய்வதற்கும் நடுவில் ஓர் இடைவெளி விட்டுவிட்டேன். இரண்டையும் ஒரே மூச்சில் செய்ய வேண்டும், நடுவே எவரும் நுழைய இடம் தரக் கூடாது. இயங்குதளப் பாடத்தின் அரிச்சுவடி இது. நான் தேறாமல் போன தாளில்கூட இந்தக் கேள்வி இருந்திருக்கும்.

இந்தப் பிழை விபத்துக்கு முன்பே எனக்குத் தெரியும். தெரியும்! தெரியாமல் நடந்திருந்தால் இதை நான் எழுத வேண்டியதே இல்லை.

நித்யாதான் முதலில் பார்த்தாள். மேஜையில் பெட்டியைச் சோதித்துக்கொண்டிருந்தவள், “புரொபசரே, பூட்டுன பொறகும் ஒருக்கா ரிலே அடிச்சுதுப்பா. திருப்பிப் பாத்தா வரமாட்டேங்குது” என்றாள். ரிலே அடித்தால் மோட்டார் ஓடும் என்று பொருள்.

நான் உட்கார்ந்து தேடினேன். கண்டுபிடித்தேன். கண்டதும் என்ன உணர்ந்தேன் தெரியுமா? மகிழ்ச்சி! வீடியோக்களில் மட்டுமே கேட்டிருந்த ஒன்றை என் கையால் எழுதியதிலேயே உயிரோடு பார்த்துவிட்ட மகிழ்ச்சி. அரிய பறவையைக் கண்டவன் போலக் குதித்தேன். புதிய பெட்டிகளுக்கான புரோகிராமை அன்றே திருத்திவிட்டேன்.

பழைய பெட்டிகள்?

அவை காரமடையிலும் தொண்டாமுத்தூரிலும் இன்னும் எங்கெங்கோ தோட்டங்களில் மாட்டியாகிவிட்டன. ஒவ்வொன்றுக்கும் லேப்டாப்போடு போய்த்தான் மாற்ற முடியும். அதற்கு முதலாளியிடம் சொல்ல வேண்டும். சொன்னால்...? ‘ரெடிமேடா இருந்ததப் போட்டிருந்தா இது வந்திருக்குமா தம்பி?’ என்று கேட்பார். கேட்காவிட்டாலும் நினைப்பார். பாதிப் படிப்புக்காரன் எழுதியது பாதிதான் இருக்கும் என்று நினைப்பார்.

அதை என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது. அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

“வயரு லூசா இருந்துச்சு, சரி பண்ணிட்டேன்” என்று நித்யாவிடம் சொன்னேன். அந்தச் சின்ன இடைவெளியில் சரியாக எவர் வந்து பூட்டப்போகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

*

ஆறுச்சாமி தோட்டத்துப் பெட்டியை மாட்டியதும் நான்தான். அது இந்தப் பிழை தெரிவதற்கு முந்தைய காலம். தென்னையும் கொஞ்சம் காய்கறியும். ஆழ்குழாயில் காற்றை அடித்துத் தண்ணீரை மேலே தள்ளுகிற கம்ப்ரசர். மோட்டாருக்கும் அதற்கும் நடுவே பெல்ட்.

ஆறுச்சாமியிடம் ஒரு பழக்கம் இருந்தது. எங்கள் பக்கத்து விவசாயிகள் பலரிடமும் உண்டு. மோட்டார்மீது கை வைக்கும் முன் பீஸ் கட்டையைப் பிடுங்கி, அந்த வெள்ளைப் பீங்கான் கட்டையைத் தன் டவுசர் பைக்குள் போட்டுக்கொள்வார். கட்டை தன் பையில் இருக்கும்வரை எவராலும் ஓட்ட முடியாது. நம்பிக்கையை எவனிடமும் ஒப்படைக்காத பழக்கம்.

அன்றும் அப்படித்தான் பிடுங்கி வைத்திருந்தார். நான் சிரித்தேன்.

“இனி இதெல்லாம் வேண்டாமுங்க. போன்ல மூணு அமுக்குனாப் போதும். பூட்டியாச்சுங்கன்னு சொல்லும். சொல்லிருச்சுன்னா எமனே வந்தாலும் ஓடாதுங்க.”

சரசக்கா மோர் கொண்டு வந்து கொடுத்தார். “எமனுக்கு மட்டும் இந்த நெம்பரைக் குடுத்துப்போடாதீங்க தம்பி” என்றார். எல்லாரும் சிரித்தோம். ஆறுச்சாமி கட்டையை மாட்டினார். அந்தப் பழக்கம் அன்றோடு விட்டுப்போயிற்று.

அதை விட வைத்தவனும் நான்தான்... பாருங்கள், ஒரு குற்றம் சொல்ல வந்தால் அடியில் இன்னொன்று கிடக்கிறது.

விபத்து பட்டப்பகலில் நடந்தது. பெல்ட் தளர்ந்து கத்திக்கொண்டிருந்தது. மும்முனை மின்சாரம் போனதும், இறுக்கிவிடலாம் என்று ஆறுச்சாமி ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். பெட்டி அறைக்குள்ளே, மோட்டார் வெளியே. மின்சாரம் திரும்பி வந்ததை அவர் அறியவில்லை. பெட்டி அறிந்தது. பூட்டவில்லை என்று பார்த்துக்கொண்டது. காத்திருக்கத் தொடங்கியது.

“சரசு, பூட்டிப்போடு!” என்று அவர் சத்தம் கொடுத்தார்.

சரசக்கா வாசலில் நின்று போனில் மூன்றை அழுத்தினார். ‘மோட்டார் பூட்டியாச்சுங்க’ என்று என் குரல் சொன்னது.

“பூட்டியாச்சு மாமா!” என்று அவரும் திரும்பச் சத்தம் கொடுத்தார்.

ஆறுச்சாமி பெல்ட்டுக்குள் கையை விட்டார்.

*

ஆஸ்பத்திரியிலிருந்து அவர் வீடு திரும்பிய பிறகுதான் எங்களுக்குத் தகவல் வந்தது. முதலாளி என்னைத் தனியே கூப்பிட்டார்.

“தம்பி, மறைக்காமச் சொல்லு. நம்ம பொட்டித் தப்பா?”

“இல்லீங்ணா. போய்ப் பாத்துட்டு வாரேன்.”

வண்டியைக் கிளப்பும்போதே எனக்குத் தெரியும். வழியெல்லாம் தெரியும். நிறுத்தி, திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம். வடவள்ளி தாண்டும்போது ஒரு டீக்கடையில் நின்றேன். டீயைக் குடித்துவிட்டுத் தொண்டாமுத்தூருக்கே போனேன்.

கட்டிலில் ஆறுச்சாமி, கையில் பெரிய கட்டு. அவர் எவரையும் ஏசவில்லை. ஏசியது அவருடைய அக்கா.

“போன்ல வீடியோ பாத்துட்டே கண்ட நெம்பரை அமுக்கிப்போட்டா. மூணுக்கும் ஒண்ணுக்கும் வித்தியாசம் தெரியாதவகிட்ட எந்தம்பி கையைக் குடுத்துட்டு நிக்கறான்!”

சரசக்கா கதவோரம் நின்றிருந்தார். என்னைக் கண்டதும் ஓடி வந்தார். “தம்பி, நான் மூணுதானுங்க அமுக்குனேன். பூட்டியாச்சுங்கன்னு சொல்லுச்சுங்க. என்ர காதுல கேட்டேனுங்க. நீங்க பொட்டியப் பாத்துச் சொல்லுங்க தம்பி...”

பெட்டியைத் திறந்தேன். லேப்டாப்பை மாட்டினேன். எல்லாரும் சுற்றி நின்று திரையைப் பார்த்தார்கள். திரையில் ஓடிய எழுத்துகள் அவர்களுக்குப் புரியாது. நான் ஏதோ ஆராய்கிறேன் என்று நினைத்தார்கள்.

நான் ஆராயவில்லை. அழித்துக்கொண்டிருந்தேன்.

பிழையுள்ள பழைய புரோகிராமை, அவர்கள் கண் முன்னாலேயே நீக்கி, திருத்திய புதியதை ஏற்றினேன். சரசக்கா சொல்வது உண்மை என்று காட்டக்கூடிய ஒரே சாட்சி அந்தப் பெட்டிக்குள் இருந்தது. மாட்டிய ஒயரை நான் கழற்றும்போது அது இல்லை.

“ஓட்டிக் காட்டுங்க” என்றார் ஆறுச்சாமியின் அக்கா. “அவளையே அமுக்கச் சொல்லுங்க. எல்லாருந்தான் பாக்கட்டும்.”

மெயின் சுவிட்சை இறக்கி ஏற்றினேன். பெட்டி காத்திருக்கத் தொடங்கியது. சரசக்கா எல்லாருக்கும் தெரியும்படி போனை நீட்டிப் பிடித்து மூன்றை அழுத்தினார். ஸ்பீக்கரில் என் குரல் வந்தது. ‘மோட்டார் பூட்டியாச்சுங்க.’

நின்றோம். நின்றுகொண்டே இருந்தோம். மோட்டார் ஓடவில்லை.

“பொட்டி சரியாத்தான் இருக்குது” என்றார் யாரோ.

சரசக்கா போனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “அப்ப... நாந்தான் ஒண்ண அமுக்கிப்போட்டேனுங்களா தம்பி?”

அந்தக் கேள்வியை அவர் என்னிடம் கேட்டார். அங்கிருந்த எவரிடமும் அல்ல, என்னிடம். ஓர் இடைவெளி இருந்தது, சொல்வதற்கு. அந்த இடைவெளியில் நான் ஒயரைச் சுருட்டினேன்.

“அவசரத்துல கை மாறியிருக்குமுங்க” என்றேன்.

அவர் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்த சத்தம்... அதை எழுதத் தெரியவில்லை எனக்கு.

*

அடுத்த வாரங்களில் ‘இலவச சர்வீஸ்’ என்று சொல்லி எல்லாப் பழைய பெட்டிகளுக்கும் போய் மாற்றினேன். வேறு எவருக்கும் எதுவும் ஆகவில்லை. முதலாளி என் உழைப்பைப் பாராட்டினார்! நித்யா மட்டும் ஒருநாள் கேட்டாள். “அன்னிக்கு நான் சொன்னனே, ரிலே அடிச்சுதுன்னு... அதுதானா?” நான் அடுத்த போர்டை எடுத்துச் சாலிடரிங் வைக்கத் தொடங்கினேன். அதன்பின் அவள் என்னைப் புரொபசர் என்று கூப்பிடவில்லை. கொஞ்ச நாளில் வேறு வேலைக்குப் போய்விட்டாள்.

நானும் கிளம்பினேன். வழக்கம்போலக் கால் அரித்ததால் என்று சொல்லிக்கொண்டேன். ஓசூர், பெங்களூர், மறுபடி கோவை. போன இடமெல்லாம் இயங்குதளம் தெரிந்தவன் என்ற பெயர் கிடைத்தது. தவறு செய்து கற்றவன் அல்லவா... நன்றாகவே சொல்லிக்கொடுப்பேன்.

போன ஞாயிறு அந்தப் பெண் கேட்ட பிறகு இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் காலையிலேயே தொண்டாமுத்தூருக்குப் பஸ் ஏறினேன். சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். முதல் வரியைக்கூட மனத்தில் எழுதி வைத்திருந்தேன். இந்தக் கட்டுரையின் முதல் வரிதான் அது.

சரசக்கா மாட்டுத் தொழுவத்தில் இருந்தார். முன்பு பால் கறப்பது ஆறுச்சாமி. இப்போது இவர். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார்.

“பொட்டிக்காரத் தம்பிங்களா! வாங்க, வாங்க. ஏனுங்க இப்பிடி எளச்சுப் போயிட்டீங்க?”

ஆறுச்சாமி சந்தைக்குப் போயிருந்தார். இடக்கையால் எல்லாம் பழகிவிட்டாராம். இடக்கையாலேயே கையெழுத்துப் போடுகிறாராம். “அந்த மனுசன் ஒருநாள் ஒரு வார்த்தை சொன்னதில்லீங்க என்னைய. சொல்லியிருந்தாத் தேவுலைன்னு இருக்கும் சில நேரத்துக்கு. நம்ம கையில ஒரு தப்பு நடந்துபோச்சு, சொமக்கத்தான் வேணும்” என்றார்.

நம்ம கையில!

வாயைத் திறந்தேன். “அக்கா...” என்றேன்.

“சொல்லுங்க கண்ணு.”

அப்போது மோட்டார் அறைப்பக்கம் போன் பேசுவதுபோல ஏதோ சத்தம். அவருடைய மகன் வேலை செய்யுமிடத்திலிருந்து மோட்டாரை நிறுத்துகிறானாம். பெட்டி சொல்வது வீட்டுக்கும் கேட்கட்டும் என்று அதில் ஒலிபெருக்கியும் மாட்டி வைத்திருக்கிறான். ‘மோட்டார் நின்னாச்சுங்க’ என்றது பெட்டி. இளமையான என் குரல்.

சரசக்கா என் முகத்தையே பார்த்தார். “ஏனுங்க தம்பி... அதுக்குள்ளாற பேசறது நீங்கதானுங்களே? இத்தன நாளா எனக்குத் தோணவே இல்ல பாருங்க!”

“ஆமாங்க.”

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு மெல்ல நின்றது. “அப்ப அன்னிக்கு எங்கிட்டப் பூட்டியாச்சுங்கன்னு சொன்னது நீங்கதான். சொன்னீங்களா, இல்லீங்களா? சும்மாக் கேக்கறேன்... எனக்கு அது மட்டும் இன்னும் காதுல கேட்டுட்டே இருக்குதுங்க.”

இதைவிட அகலமாக ஒரு கதவை எனக்கு யார் திறந்துவிட முடியும்? ஆமாம் என்று ஒரு சொல் போதும். அந்த ஒரு சொல்லுக்காகத்தானே பஸ் ஏறினேன்!

“ஞாபகம் இல்லீங்க அக்கா” என்றேன்.

எதற்குப் பயந்தேன்? இனி என்னை வேலையை விட்டு நீக்க முதலாளி இல்லை. ஊர் அடிக்கும் என்றா? அடித்தால் பட்டுக்கொண்டு போயிருப்பேன், அடி எனக்குப் புதிது இல்லை. அவர் முகம் மாறுவதைப் பார்க்கப் பயந்தேன். ‘கண்ணு’ என்று கூப்பிட்ட அதே வாய் அடுத்து என்ன சொல்லும் என்று பயந்தேன். அன்று முதலாளி முகத்துக்குப் பயந்த அதே பயம். எத்தனை இயங்குதளம் எழுதி என்ன... நான் விட்ட இடத்திலேயேதான் நிற்கிறேன்.

அவர் எழுந்தார். பெல்ட்டடியில் தென்னை மட்டை விழுந்து கிடக்கிறது, எடுத்துவிட்டு வருகிறேன் என்றார். மோட்டார் அறை தொழுவத்திலிருந்து கூப்பிடு தூரம். போனை இடுப்பிலிருந்து எடுக்கவே இல்லை. வெயிலில் அவ்வளவு தூரமும் நடந்தார். நானும் பின்னால் போனேன்.

அறைக்குள் போய்ப் பீஸ் கட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். முந்தானையில் வைத்து முடிந்தார். முடிச்சை இழுத்துப் பார்த்தார். அதன் பிறகே பெல்ட்டுக்கு அருகில் குனிந்தார். ஆறுச்சாமியிடமிருந்து நான் பிடுங்கிய பழக்கம் அவர் முந்தானையில் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, என் வருத்தத்தை ஆற்றுவதுபோலச் சொன்னார்.

“உங்க பொட்டியக் கொறை சொல்லலீங்க தம்பி. அது நல்லாத்தான் இருக்குது. எனக்கு என்ர வெரல் மேலதான் நம்பிக்கை இல்ல. இது இங்க முடிஞ்சிருந்தா எமனே வந்தாலும் ஓடாதுங்க.”

மட்டையை எடுத்து வேலியோரம் எறிந்தார். நான் கிளம்புகிறேன் என்றேன். மோர் குடிக்காமல் போகக் கூடாது என்றார்.

குடித்தேன்.